ஆயிரம் ஓம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பின்சந்து.
சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் குளியலறைக் குழாய்க்கும்
முகம் பார்க்கிற பளபளப்பு பூசும் கொட்டகை.
அதன் கழிவு எலுமிச்சைச் சாதத்தின் மஞ்சள்.
பார்த்தால் பசிக்கும், அவ்வளவு அழகு.

எத்திராஜுலுவுக்கு அங்கே இருபத்திரண்டு வருஷம்.
மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை.
ஒரு பக்கம் தீக்குச்சியை விட்டு
மறுபக்கம் எடுத்துக் காட்டினார் முதல் நாளே.
"குரோமியம் குத்தின துவாரம்மா.
மூக்குத்திதான் இன்னும் வாங்கல."

நான் கொண்டுபோனவை:
இரண்டு அக்ரிலிக் அறைகள், நடுவே ஒரு சவ்வு,
கரிநார்த் துண்டுகள், கொஞ்சம் கம்பி,
கோயம்பேட்டுப் பாலத்தடியில்
பெயின்ட் வாளியில் அள்ளிய கூவத்துச் சேறு.
ஷேர் ஆட்டோவில் என் பக்கத்து இருக்கை
கடைசிவரை காலியாகவே வந்தது.

"இதுல பூச்சி இருக்கா?"
"இருக்கு. கண்ணுக்குத் தெரியாது."
"என்ன திங்கும்?"
"கேன்டீன்ல அரிசி கழுவின தண்ணி போதும்."
"ஞாயித்துக்கிழமை லீவு உண்டா?"

இல்லை என்றேன்.
காற்றில்லாத அறை அது.
தின்றபின் மிஞ்சும் எலெக்ட்ரானை
எங்காவது விட்டாக வேண்டும்;
கரியைத் தொட்டு விடுகின்றன, அதுதான் மூச்சு.
அந்த மூச்சு கம்பியேறி
அடுத்த அறைக்குப் போகும்.
அங்கே மஞ்சள் வாய் திறந்து நிற்கும்.
மூன்று வாங்கினால் ஆறு மூன்றாகும்,
பச்சையாய்த் திரிந்து அடியில் படியும்.
வழியில் ஒரு மின்தடை, ஆயிரம் ஓம்.

"ஆயிரம் ஓமா?"
சட்டென்று கைகூப்பினார்.
"நான் நாமம் போடறவன்.
பரவால்ல, ஓம் பொதுதானே."

அன்றிலிருந்து காலண்டர் தாளின் ஓரத்தில்
ராகு காலத்துக்குக் கீழே எழுதிவைத்தார்:
முந்நூற்று எண்பது. நானூற்றுப் பன்னிரண்டு.
முதலாளி ஜெபராஜ் எட்டிப் பார்த்துக் கேட்டார்,
"இதுல செல்போன் சார்ஜ் ஏறுமா?"
ஏறாது சார்.
"அப்ப எதுக்கு கரன்ட்?"

பிறகு புயல்.
மூன்று நாள் எஸ்டேட் முழுக்க இருட்டு.
நான்காம் நாள் முழங்கால் தண்ணீரில் நடந்து போனேன்.
பீரோவின் உச்சியில், கோணிமேல்,
கைக்குழந்தையை ஏற்றிவைத்த மாதிரி
ஏற்றிவைத்திருந்தார் அதை.
மீட்டர் சொன்னது: பதினெட்டு.

பதினெட்டு மில்லிவோல்ட் என்றால் சாவு.
மூன்று மாதம் வளர்த்தது.
நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

அவர் செல்போன் டார்ச்சைத் திருப்பினார்.
"ஏம்மா, மஞ்சள் எங்க?"

இல்லை.
அந்தப் பக்கம் வெறும் தண்ணீர்,
அடியில் பாசி நிறத்தில் ஒரு கரண்டி வண்டல்.
சாகவில்லை அவை.
வேலை முடிந்துவிட்டது.
கொள்வார் இல்லாமல்
கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன,
இருட்டில், மூன்று நாளாகவோ ஒரு நாளாகவோ.

புது மஞ்சள் கொஞ்சம் ஊற்றினேன்.
அறுபது. நூற்று நாற்பது.
ஊரில் எந்த விளக்கும் எரியாத அந்தச் சாயங்காலம்
முந்நூற்று ஐந்தில் போய் நின்றது.
எத்திராஜுலு விசிலடித்தார்;
மூக்கின் ஓட்டை வழியாகவும் கொஞ்சம் காற்று விசிலடித்தது.

நோட்டில் 'நீக்கப்பட்டது' என்று எழுதி, அடித்தேன்.
எங்கும் போகவில்லை அது, குணம்தான் மாறியிருக்கிறது.
அந்தக் கரண்டிப் பச்சையை
எந்த மண்ணில் வைப்பது என்று
என்னிடம் பதில் இல்லை.

நாங்கள் தெளியவைத்தது முக்கால் லிட்டர்.
வாசலில் அடுக்கியிருந்த
மூன்று மஞ்சள் டிரம்களைக் காணோம்.
என் சுடிதாரின் முழங்கால்வரை
எந்தத் தண்ணீரில் நடந்து வந்தேன் என்பது
அப்போதுதான் உறைத்தது.

அவர் சேற்றறையின் மூடியைத் தளர்த்தி
என் பக்கம் நீட்டினார்.
"மோந்து பாத்துச் சொல்லும்மா, எப்படி நாறுது?
எனக்கு ஒண்ணும் தெரியாது, பதினோரு வருஷமா."

அழுகிய முட்டை என்றேன்.
கூவம்.
கொஞ்சம் புளித்த கஞ்சி.

"உசுரோட இருக்கு," என்றார்,
மூடியை இறுக்கினார்.